ஊற்றுகிறவர் நிற்கும் இடம்

என் தம்பி தானியேலுக்கு, படத்தில் பெயர் போடும்போது கண்களை மூடிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் திறப்பான். முதல் ரீல் முடிந்து விளக்குப் போடுவதற்குள் இது யார் எடுத்த படம் என்று சொல்லிவிடுவான். உத்திரமேரூர் சினிமாக் கொட்டாயில் மணல்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவர்களில், நடித்தவர் யார், பாடியவர் யார் என்று சொல்லத் தெரியாதவர்கள் கிடையாது. எடுத்தவர் யார் என்று பார்த்தவன் எனக்குத் தெரிந்து என் தம்பி ஒருவன்தான். அக்காள் என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கொட்டாய் முதலாளி அஹமது பாட்சா இதை வைத்தே வெளியூர்க்காரர்களிடம் பந்தயம் கட்டி டீ வாங்கிக் குடித்திருக்கிறார்.

நாங்கள் திருப்புலிவனத்துச் சேரியைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா சின்னப்பையன், பண்ணைக்காரர் வேதகிரியிடம் படியாள். வருஷம் முழுவதும் பண்ணை நிலத்தைத் தவிர வேறு நிலத்தில் அப்பா கால் வைத்தது கிடையாது. எங்கள் குடிசை நின்ற மனையும் பண்ணையுடையதுதான். வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் பண்ணையின் ஏரைப் பிடிக்கிறவரை அங்கே இருக்கலாம் என்பது வழக்கம். அம்மா ஜெயம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். நான் ஞானசுந்தரி, மூத்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். கல்யாணமாகி மறுவருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து, அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன்.

தானியேல் ஐந்தாவதோடு நின்றுவிட்டான். மாடு மேய்த்தான், நடவுக்குச் சேற்றை மிதித்துச் சேடை கலக்கினான். உத்திரமேரூரில் காஞ்சிபுரம் போகிற சாலை ஓரத்தில் பாட்சா கொட்டாய் போட்டபோது, மணல் கொட்டிப் பரப்புகிற வேலைக்குப் போனவன் கழனிப் பக்கம் திரும்பி வரவே இல்லை. மணல் பரப்பினான், தண்ணீர் தெளித்தான், நோட்டீஸ் ஒட்டினான். பிறகு ஆபரேட்டருக்கு ரீல் சுற்றிக் கொடுத்தான். அந்த ஆபரேட்டர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செங்கல்பட்டுக் கொட்டாய்க்குப் போய்விட்டார். அன்றைக்கு மாலைக் காட்சியை ஓட்டியவன் என் தம்பி. மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியைத் தள்ளிக்கொடுக்கிற பக்குவம் அவனுக்கு வந்துவிட்டது என்று பாட்சாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு வேறு ஆபரேட்டரை அவர் தேடவில்லை.

பாட்சாவைப் பற்றி ஒன்று எழுதிவிட வேண்டும். முதல் நாளே அவர் குடித்த கண்ணாடி டம்ளரிலேயே என் தம்பிக்கும் டீ கொடுத்தார். தானியேல் அதை வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா நம்பவில்லை. பண்ணை வீட்டில் அப்பாவுக்குத் தண்ணீர் தரும் விதம் வேறு. கொல்லைப் பக்கம் போய், அடுக்களைப் படிக்குக் கீழே குந்தி, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்ள வேண்டும். படிமேல் நிற்கிறவர்கள் சொம்பிலிருந்து உயரத் தூக்கி ஊற்றுவார்கள். சொம்பு கைமேல் படக்கூடாது. வாய் நிறையத் தண்ணீர் இருக்கும்போது பேச முடியாது அல்லவா, அதனால் போதும் என்றால் தலையை ஆட்ட வேண்டும். நிமிர்ந்து பார்க்காமல் ஆட்ட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சேரிப் பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொள்வதுபோல் கற்றுக்கொண்டதுதான்.

தானியேலுக்கு டைரக்டர் அம்பலவாணன் பைத்தியம் பிடித்தது இந்தத் தண்ணீரில்தான்.

அம்பலவாணன் எடுத்த படங்கள் அதிகம் ஓடுவதில்லை. வாரத்துக்கு ஒரு படம் மாற்றுகிற எங்கள் கொட்டாயில் அவர் படம் நான்கு நாள் தாங்கினால் பெரிது. ஒரு பாத்திரம் அறிமுகமாகும்போது முகத்தைக் காட்டமாட்டார், கால்களைக் காட்டுவார். வீட்டைவிட்டு ஒருவர் போனால் போகிறவரைக் காட்டாமல், திறந்த கதவையே காட்டிக்கொண்டிருப்பார். சாவு வரப்போகிறது என்றால் பாட்டு, வாத்தியம் எல்லாம் நின்று, எங்கோ உலக்கை இடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அவர் படத்து வில்லன் மீசையை முறுக்கிச் சிரிப்பவன் அல்ல. மெதுவாகப் பேசிக்கொண்டே வெற்றிலையின் நரம்பைக் கிள்ளுகிறவன். இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது இல்லை. தம்பி சொல்லிச் சொல்லி நானும் பெண்கள் பக்கத்து மண்சுவருக்கு இப்பால் உட்கார்ந்து பார்க்கப் பழகினேன்.

அப்படிப் பாட்டும் வாத்தியமும் நிற்கிற இடம் வந்தால் ஜனங்கள் மெஷின் கெட்டுவிட்டதென்று விசில் அடிப்பார்கள். “இன்னா பாய், சவுண்டு செத்துப்பூட்ச்சா?” என்று யாராவது கத்துவார்கள். தானியேல் ஆபரேட்டர் அறை ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, “சாகல. சாகப்போவுது. செத்த சும்மா குந்து” என்பான். அவன் சொன்னபடியே திரையில் ஒருவர் சாவார். கொட்டாயே சிரிக்கும். அழ வேண்டிய இடத்தில் ஜனங்களைச் சிரிக்கவைக்கிறான் என்று பாட்சா தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் எல்லாப் படத்திலும் தவறாமல் வருகிற ஒன்று இருந்தது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. எங்காவது ஓரிடத்தில் ஒருவர் கைகுவித்துத் தண்ணீர் குடிப்பார். ஜெயிலிலிருந்து வந்தவன் கதையில், அவன் ஒரு வீட்டுப் பின்புறம் போய்க் குடித்தான். பிள்ளையைத் தொலைத்தவள் கதையில் அவள் குடித்தாள். ராஜா கதை ஒன்று எடுத்தார், அதில்கூட ஒரு போர்ச்சேவகன் குடித்தான். சிரிப்புப் படத்தில் கோமாளி குடித்தான், முழங்கைவழியாக ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். எல்லாவற்றிலும் முகம் இல்லை. கைகளும் குனிந்த தலையும் மட்டும். தண்ணீர் விழுகிறது, நிரம்புகிறது, தலை இரண்டு பக்கமும் ஆடுகிறது.

பிலிம் அறுந்துபோனால் வெட்டி ஒட்டுவது ஆபரேட்டர் வேலை. அப்படி வெட்டிப்போடும் துண்டுகளில் அந்தக் கைகள் இருக்கிறவற்றை மட்டும் தம்பி எடுத்துவைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தபோது, வெயிலுக்கு எதிரே பிடித்து எனக்குக் காட்டினான்.

“பாத்தியாக்கா, தலைய ஆட்றத. நிமிராம ஆட்றான் பாரு. கையேந்திக் குடிச்சவனுக்குத்தான் இது தெரியும். அவுரு நம்ம ஆளுக்கா.”

அப்படியென்றால் ஏன் வெளியே சொல்லவில்லை என்று கேட்டேன். பட்டணத்தில் பெரிய ஆளாகிவிட்டவர் எப்படிச் சொல்வார், அதனால்தான் படத்துக்குப் படம் ஒளித்துவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. துண்டை வாங்கி நானும் பார்த்தேன். சொம்பு பெரிதாகவும் கைகள் சிறிதாகவும் தெரிந்தன. அது ஏன் என்று கேட்டேன்.

“கேமரா மேல நிக்குது, அதான். கீழேர்ந்து எடுத்தா தண்ணி தெரியாது. மேலேர்ந்து எடுத்தாத்தான் பளபளன்னு கீது” என்றான். நியாயமாகத்தான் பட்டது. எங்கள் இருவருக்குமே அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றும் இருந்ததாகத் தோன்றவில்லை.

பாட்சாவிடமும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்பலவாணன் படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கினால், “தானி, உன் மாமன் வந்துகீறாரு, போயி எறக்கு” என்பார் பாட்சா.

“மாமன்னா பொண்ணு குடுக்கணுமில்ல பாய். கேட்டுச் சொல்லு.”

“பொட்டி வாடகையே கெஞ்சிக் கொறைக்கிறேன். பொண்ணு வேற கேக்கட்டா?”

இப்படியே போயிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அந்த வருஷம் வைகாசியில் அப்பா பண்ணைக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தபோது வடம் அறுந்தது. கவலை இறைக்கிறவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வடத்தின்மேல் உட்கார்ந்துதான் சரிவில் இறங்குவார். தோல் சால் நிறையத் தண்ணீர் மேலே வரும் நேரம் வடம் அறுந்தால், மாடு முன்னால் பாயும், ஆள் பின்னால் மல்லாந்து விழுவார். அப்பாவுக்கு இடுப்பு முறிந்தது. புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்தவர் பிறகு எழுந்து நடக்கவே இல்லை.

பண்ணையின் காரியக்காரர் இருசப்பன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வாசலிலேயே நின்று, அப்பாவின் உடம்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, வந்த விஷயத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆடி பொறந்தா தானிய ஏர் புடிக்கச் சொல்லச் சொன்னாரு. இல்லன்னா மனைய வேற ஆளுக்கு வுடணுமாம். எனக்கு இன்னா ஆயி, சொல்லச் சொன்னாரு, சொல்ட்டேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தம்பியைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, கைவிரல்களில் கார்பன் கரியோடு நின்றுகொண்டிருந்தான்.

பாட்சா எங்களுக்காக ஒரு முயற்சி செய்தார். தன் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் கழிகள் போட்டுவைத்திருந்த கொட்டகையை ஒழித்துத் தருகிறேன், அப்பா அம்மாவோடு எல்லோரும் வந்துவிடுங்கள் என்றார். கொட்டகையை ஒழித்தும்விட்டார். பிறகு தெருக்காரர்கள் நான்குபேர் வந்து அவரிடம் பேசிவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் கழிகள் கொட்டகைக்குள் திரும்ப வந்துவிட்டன. 

மிச்சமிருந்தது ஒரு வழிதான். அம்பலவாணனைப் பார்ப்பது. பட்டணத்தில் ஸ்டூடியோ வேலை கிடைத்துவிட்டால், விளக்குத் தூக்குகிற வேலையானாலும் சரி, குடும்பத்தோடு போய்விடலாம். அங்கே குடிசைக்கு இடம் கேட்டால் எந்தத் தெரு ஆள் என்று கேட்கமாட்டார்கள் என்று தம்பி நம்பினான். மற்ற டைரக்டர்களிடம் போய் நிற்க அவன் தயாரில்லை. இவர் நம்ம ஆள், இவரிடம் கேட்பதில் மானக்குறைவு ஒன்றும் இல்லை என்றான். அப்பாவிடம் போய் உட்கார்ந்து, “நைனா, ஆடிக்குள்ள வந்து உன்னத் தூக்கிக்கினு பூட்றேன்” என்று சொன்னான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். 

ஓடி முடிந்த படப்பெட்டியைச் சென்னைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வேலையைப் பாட்சா தானியேலுக்குக் கொடுத்தார். தன் மகன் லுக்மானின் வெள்ளைச் சட்டை ஒன்றையும் கொடுத்தார். புருஷனைப் பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தபோது நான் சென்னையில் கொஞ்ச நாள் இருந்தவள் என்பதால், வழி தெரியும் என்று என்னையும் கூட அனுப்பினாள் அம்மா.

படக்கம்பெனி ஆபீசில் பாண்டுரங்கன் என்றொரு குமாஸ்தா. பாட்சாவின் பெயரைச் சொன்னதும் உட்காரச் சொன்னார். அம்பலவாணன் வீட்டைக் கேட்டபோது சிரித்தார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்க்க வருகிற முதல் ஆள் நீதான் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு, நல்ல மனிதர், கர்வம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் போனாலும் பார்ப்பார் என்று சொல்லி மயிலாப்பூரில் தெருப் பெயரும் சொன்னார். மறுநாள் ஞாயிறுதான்.

பெரிய வீடு. வாசலில் செம்பருத்தி வேலி. முன்கட்டில் பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்து, மேல்துண்டு போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார்போல் இருந்தார். நாங்கள் படிக்குக் கீழேயே நின்று கும்பிட்டோம். தானியேல் தான் உத்திரமேரூர்க் கொட்டாய் ஆபரேட்டர் என்றான். அவர் முகம் மலர்ந்தது. என் படம் அங்கே எத்தனை நாள் ஓடும் என்று கேட்டார். நாலு நாள் என்றான் தம்பி உள்ளபடி. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு தம்பி பேச ஆரம்பித்தான். கால்களைப் பற்றி, திறந்த கதவைப் பற்றி, உலக்கைச் சத்தத்தைப் பற்றி, வெற்றிலை நரம்பைப் பற்றி. எந்தப் படத்தில் எத்தனையாவது ரீலில் என்பது உட்பட, நின்ற இடத்திலிருந்து அசையாமல் சொன்னான். அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை. குரல் நடுங்கவில்லை. அம்பலவாணன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். உள்ளேயிருந்து மனைவியைக் கூப்பிட்டு, “இங்கே வந்து கேளு, இந்தப் பிள்ளை என்னை என்னமாப் படிச்சிருக்கான்னு” என்றார். அந்த அம்மாளும் வந்து கதவருகே நின்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் சேரியில் பிறந்த பிள்ளை ஒருவன் பேச, அப்படிப்பட்ட வீட்டில் இரண்டுபேர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கடைசியில் தண்ணீருக்கு வந்தான். “எல்லாப் படத்துலயும் ஒருத்தர் கையேந்தித் தண்ணி குடிக்கிறாருங்க.”

அவர், “அதையும் பார்த்துட்டியா” என்றார். “வேற யாருமே அதைச் சொன்னதில்லை. நீ எந்த ஊர்ப்பா?”

“திருப்புலிவனங்க.”

“ஊருக்குள்ளேயா?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் வந்திருந்தான். இதற்குப் பதில் சொன்னால் அவர் தன்னைத் திறந்து காட்டுவார் என்று நினைத்திருந்தான். மறைத்திருக்கலாம். வெள்ளைச் சட்டையும் தானியேல் என்ற பெயரும் இருந்தன, பட்டணத்தில் யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் என் தம்பி தலையை நிமிர்த்திக்கொண்டு, “சேரிங்க” என்றான்.

அவர் முகத்தில் வெறுப்பு ஒன்றும் வரவில்லை. இதை நான் நிச்சயமாகச் சொல்ல வேண்டும். இன்னும் அதிகமான ஆசையோடு அவனைப் பார்த்தார். “வெயில்லே வந்திருக்கீங்க. முதல்லே தண்ணி குடிங்க, பேசலாம்” என்று எழுந்தார். மனைவி வேலியோரச் சந்துப் பக்கம் கைகாட்டினார். நாங்கள் சந்துவழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனோம்.

அடுக்களைக் கதவு திறந்தது. சமையல்கார அம்மாள் பித்தளைச் சொம்போடு படிமேல் வந்து நின்றாள். டம்ளர் இல்லை. தானியேல் அவளைப் பார்த்தான். பிறகு யாரும் சொல்லாமலே படிக்குக் கீழே குந்தினான். அவன் கைகள் தாமாகக் குவிந்தன. தண்ணீர் விழுந்தது. லுக்மானின் சட்டைக் கை நனைந்தது.

பாதி குடித்தவன் தலையை ஆட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தான். நானும் அவன் பார்த்த இடத்தைப் பார்த்தேன். சமையல்கார அம்மாளுக்குப் பின்னால், அதே படிமேல், அம்பலவாணன் வந்து நின்றிருந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கொஞ்சம் குனிந்து, தம்பியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடுகிற இடத்தில் நிற்கிறவர்போல் அவ்வளவு கவனமாகப் பார்த்தார்.

“அவசரமில்லேப்பா. மெதுவாக் குடி” என்றார். பிறகு அந்த அம்மாளிடம், “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்றார்.

தானியேல் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு பக்கமும் ஆட்டினான். ஊற்றுவது நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“அக்கா, அவுரு நிக்கிற எடத்தப் பாரு.”

சொம்பு பெரிதாகவும் கைகள் சிறிதாகவும் தெரிகிற இடம் அதுதான்.

எனக்கும் ஊற்றினார்கள். தாகம் இருந்தது, குடித்தேன். அவர் எனக்காகக் காத்திருந்து, பிறகு தம்பியிடம் இன்னும் பல கேள்விகள் கேட்டார். உங்கள் பக்கத்தில் சொம்பா, செம்பா? பெண்கள் குந்துவார்களா, குனிந்து நிற்பார்களா? அவர் சின்ன வயதில் அவருடைய ஊர்வீட்டுக் கொல்லைப்படியில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாராம். அந்தக் கைகள் ஒருநாளும் மனதைவிட்டுப் போகவில்லையாம். அதற்காகவே அதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பில்லை. தம்பி எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னான். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை. நான் வாயெடுத்தபோது என் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

வாசலில் விடைகொடுக்கும்போது அம்பலவாணனே சொன்னார், அடுத்து ஒரு கிராமக் கதை எடுக்கப்போகிறேன், உன்னைப் போன்ற ஆட்கள் தேவைப்படுவார்கள், சொல்லி அனுப்புகிறேன் என்று. தானியேல் சரிங்க என்று கும்பிட்டான்.

பஸ் நிலையத்தில் கூட்டம். நிற்க நிழல் இல்லை. தம்பி சொன்னான்.

“தலைய ஆட்றது குடிக்கிறவனுக்கு மட்டுமாக்கா தெரியும்? ஊத்துறவனும் அதத்தான பாத்துக்கினே இருக்கணும். எப்ப நிறுத்தறதுன்னு அவனுக்குத் தெரியணுமில்ல. எனக்கு ஏங்கா இது தோணல?”

 திரும்பிப் போய் வேலையை மட்டுமாவது கேட்டுப் பார்க்கலாம் என்றேன். நல்ல மனிதர்தானே, கொடுக்கக்கூடும் என்றேன். கொடுப்பார் என்றான். படத்தில் கையேந்திக் குடிக்கிற வேலை கொடுப்பார், வேண்டாம் என்றான். 

ஆடி பிறந்தது. தானியேல் அப்பா மாடு ஓட்டும் தார்க்குச்சியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனான். போகும் முன் கொட்டாய்க்குப் போய்ச் சட்டையைத் துவைத்துக் கொடுத்துவிட்டு வந்தான். பிலிம் துண்டுகளை என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷக் கடைசியில் அப்பா இறந்துபோனார். அடுத்த வருஷம் அவனுக்குத் தாமல் பக்கத்திலிருந்து சிட்டம்மாளைக் கட்டிவைத்தோம். ஏரி நிரம்பினால் இரண்டு போகம், நிரம்பாவிட்டால் ஒன்று. அவனுக்கு உழவு நன்றாகவே வந்தது, எதையும் திருத்தமாகச் செய்கிறவன். இருசப்பன்கூட அதைச் சொல்லுவார். கொட்டாய்ப் பக்கம் போவதை மட்டும் விட்டுவிட்டான். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடும்போது காற்று எங்கள் பக்கம் அடித்தால், மாட்டுக் கொட்டிலுக்குப் போய் எதையாவது நகர்த்தி வைத்துக்கொண்டிருப்பான்.

அம்பலவாணனிடமிருந்து ஆள் வரவில்லை. மறந்திருக்கலாம். ஊர்ப் பெயர் நினைவில்லாமல் போயிருக்கலாம்.

மூன்று வருஷம் கழித்து அந்தக் கிராமக் கதை வந்தது. எல்லோரும் பாராட்டிய படம். எங்கள் கொட்டாயிலேயே இரண்டு வாரம் ஓடியது. நான் சிட்டம்மாளை அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, அவன் சொல்லியிருக்கவில்லை. பாட்சா எங்களிடம் டிக்கெட் வாங்கவில்லை. தானி எப்படிக் கீறான் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

கால்கள் வந்தன. கதவு வந்தது. உலக்கை இடித்தது, யாரும் விசில் அடிக்கவில்லை. பிறகு தண்ணீர் வந்தது. இந்த முறை கைகளோடு நிற்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த படியாள் பாதியில் நிறுத்தினான். முதல் முறையாக அம்பலவாணன் படத்தில் அந்த முகம் நிமிர்ந்தது. நேராக எங்களைப் பார்த்தது. உதட்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பிறகு குனிந்து தலையை ஆட்டியது. நனைந்த சட்டைக் கைகூட அப்படியே இருந்தது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் செருமினார். மற்றபடி கொட்டாயே மூச்சுவிடவில்லை.

“அண்ணி, இந்தாளு நம்ம வூட்டு ஆளு மாதிரியே பாக்குறாரு” என்றாள் சிட்டம்மாள். நான் ஆமாம் என்றேன்.

மறுநாள் கூழ் எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனேன். தம்பி மாட்டை நிறுத்திவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்தான். படம் பார்த்ததைச் சிட்டம்மாள் சொல்லியிருப்பாள். கூழைக் குடித்து முடித்தான். பிறகு சட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே கேட்டான்.

“நிமிந்து பாக்குறானாமே?”

ஆமாம், நீ பார்த்த மாதிரியே என்றேன். நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அந்தப் பார்வை என் தம்பியுடையது, ஊரே அதைப் பார்த்து வாயடைத்து உட்கார்ந்திருந்தது என்று சொன்னேன்.

அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. “கேமரா எங்க நிக்குது?” என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் படம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

“அதே படிமேலதாண்டா” என்றேன்.

“ஒரு படிகூடக் கீழ எறங்கலியா?”

“இல்ல.”

போதும் என்பதுபோல் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். எழுந்து துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு மாட்டிடம் போனான். மேட்டுப் பக்கத்து மூலை இன்னும் உழவேண்டியிருந்தது.